மாத்திரை வந்தது, பிரஷர் இறங்கியதா?

மாரடைப்பைத் தடுப்பதில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒழுங்காக வேலை செய்கிறதா? எத்தனை பேருக்குப் பிரஷர் பார்த்தார்கள் என்று எண்ணினால் அது தெரியாது. அவர்களில் எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழே இறங்கியது என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த ஆய்வில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 100-க்கு 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. 2023-24 ஆய்வில் 100-க்கு 17 பேர். சபாஷ் போடலாம்.

மீதி 83 பேர்?

பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. பெரும்பாலும் தலைவலிகூட வராதே! "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு.

ஏட்டிலும் தில்லுமுல்லுக்கு இடம் இருக்கிறது. வராமல் போனவர் பெயரை அடித்து விட்டால் போதும், சதவீதம் தானாக ஏறிவிடும். 2017-ல் தொடங்கிய இந்திய ரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. 3 மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. அந்த 3 மாதத்தில் வராதவரும் மொத்தத்தில் சேர்த்தி. ஆள் குறைந்தால் நிலையத்தின் மார்க்கும் குறையும். அப்போதுதான் நர்சம்மா போன் போட்டுக் கேட்பார்: "ஏன் பெரியவரே, இந்த மாசம் வரலை?"