பி.ஏ. வரலாறு என்ன விலை?

தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதாவை 2025 அக்டோபரில் பேரவையில் அவசரமாக நிறைவேற்றிய தமிழக அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் அதே அவசரத்தில் மறுபரிசீலனை என்றது. மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர் இருந்தால் போதும், அரசு உதவிபெறும் கல்லூரியும் தனியார் பல்கலைக்கழகமாகிவிடலாம் என்ற யோசனை அது. கிடப்பில் போட்ட மசோதா தேர்தல் முடிந்ததும் தூசி தட்டப்படுவதை நாம் பார்த்ததே இல்லையா?

“இப்போது படிக்கும் மாணவர்களுக்குப் பாதிப்பில்லை” என்பது ஆதரவாளர்களின் சமாதானம். அவர்கள் மூன்றே ஆண்டுகளில் படித்து முடித்துப் போய்விடுவார்கள். அடுத்து வருகிறவர்கள்? இதற்குப் பதிலில்லாத வாதத்தோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

உதவிபெறும் கல்லூரி ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். வரலாறும் பொருளியலும் பெரும்பாலும் அரசு சம்பளம் கொடுக்கும் பிரிவில் இருக்கும். மதிய ஷிப்டின் சுயநிதிப் பிரிவில் பி.சி.ஏ., பி.காம். சி.ஏ., விஸ்காம். நிர்வாகம் தன் காசைப் போடும்போது வரலாற்றுத் துறை அதன் கண்ணில் படுவதில்லை. கல்லூரி தனியார் பல்கலைக்கழகமாகி அரசுப் பணம் விலகினால் முதலில் பூட்டப்படுவது எந்த வகுப்பறை என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

“பி.ஏ. படித்து என்ன செய்யப்போகிறார்கள்?” என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய கதை. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்களின் கையில் கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் யாரிடம் என்று எழுதிவரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம் என்று பல ஊர்களின் கணக்கு 1918இல் நூலாயிற்று. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடி அளந்தார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் எஸ். குகன் தூசிக்குப் போனார். தமிழ்நாட்டுக் கிராமம் எப்படி மாறியது என்று நாம் இன்று பேசுவதெல்லாம் அந்த விடுமுறை வேலையின் தயவில்தான்.

ஆனால், அன்று கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். கூலி எவ்வளவு என்ற கேள்வியைக் கூலி கொடுக்கும் வீடு கேட்டது. வாங்கும் வீடு பதில் சொன்னது. இன்று அதே தூசியிலிருந்து கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் மகள், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயோடு, அரசு உதவிபெறும் கல்லூரியில் பொருளியல் படித்துவிட முடியும். கேள்வித்தாள் கைமாறியிருக்கிறது. அதைப் பிடுங்கத்தான் இந்த மசோதா.

உயர்கல்விச் சேர்க்கையில் நாடு 28.4 சதவீதம், நாம் 47 என்று 2021-22 கணக்கைக் காட்டி மார்தட்டுகிறோம். அந்த 47 பேர் எதைப் படிக்கிறார்கள் என்று கேட்டால் மேடையில் சத்தமில்லை.

மூன்று கணினிப் பாடப்பிரிவுக்கு அனுமதி கேட்கும் எந்த நிர்வாகமும், அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு சமூக அறிவியல் துறையை நடத்த வேண்டும் என்று சட்டம் போடுங்கள். முடியாதென்றால், இன்னும் இருபது ஆண்டுகளில் நம் கிராமங்களைப் பற்றிய கேள்விகளை ஆலோசனை நிறுவனங்கள்தான் எழுதும். தூசி மறுபடியும் பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்.