வாஷிங்டனில் ஆடித் தள்ளுபடி

ஓராண்டுக்கு ஒரே ஒரு டாலர். 2025 ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக் நிறுவனங்கள் தங்கள் செயற்கை நுண்ணறிவுச் சேவையை இந்த விலைக்கு அமெரிக்க அரசுக்குத் தர முன்வந்தன. கூகுள் இன்னும் இறங்கி, 47 சென்ட் என்றது. நம்மூர் ஜவுளிக்கடைகளின் ஆடித் தள்ளுபடிகூட இந்த அளவுக்குப் போனதில்லை.

இந்த விலைகளுக்கு வழிவகுத்தது, அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அரசின் பொதுச் சேவைகள் நிர்வாகம் தொடங்கிய ‘ஒன்கவ்’ என்ற திட்டம். அதுவரை ஒரே மென்பொருளை ஒவ்வொரு துறையும் தனித்தனியாக, வெவ்வேறு விலைக்கு, பெரும்பாலும் மறுவிற்பனையாளர்கள் வழியே வாங்கிவந்தது. இனி மொத்த அரசும் ஒற்றை வாடிக்கையாளராக நின்று தயாரிப்பாளரிடமே பேரம் பேசும். மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தால் மட்டும் முதல் ஆண்டில் 310 கோடி டாலர் வரை மிச்சம் என்கிறது அரசு.

இடைத்தரகர் ஒழிந்தால் நல்லதுதானே? கமிஷனை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால், நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30 நெருங்கும்போது, துறைகளில் மிஞ்சிய பணம் காலாவதியாகும் முன் விலைப்புள்ளி கொடுத்து, விதிகளைச் சரிபார்த்து, ஆர்டரை முடித்துத் தருபவர் இவர்தான். பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் அரசு அலுவலகத்துக்குள் நுழைவதும் பெரும்பாலும் இவரது முதுகில் ஏறித்தான். ஒப்பந்தத் தொகையில் 23 சதவீதம் சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்திருப்பதும் இதே அரசுதான். மொத்தக் கொள்முதல் மேசையிலோ, மொத்தமாகத் தள்ளுபடி தரத் தெம்புள்ளவருக்கே நாற்காலி.

இந்தத் தெம்பு எதற்குப் பயன்படும் என்பதற்கு முன்கதை உண்டு. 2021இல் மைக்ரோசாஃப்ட் தனது உயர்ரகப் பாதுகாப்பு வசதிகளை அரசுத் துறைகளுக்குக் கொஞ்ச காலம் இலவசமாகக் கொடுத்தது. நிறுவித் தர ஆட்களையும் அனுப்பியது. இலவசக் காலம் முடிந்தபோது, கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றுக்கு மாறும் செலவை நினைத்துத் துறைகள் காசு கட்டத் தொடங்கின. 2024இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் இதை விரிவாக எழுதியது. அதற்கு அடுத்த ஆண்டே அரசு ஒரு டாலர் கடை விரிக்கிறது!

மைக்ரோசாஃப்டின் புதிய தள்ளுபடி விலை அதிகபட்சம் 2029 செப்டம்பர் வரைதான். அன்றைக்குப் போட்டி விலை சொல்ல எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்பது அந்த 310 கோடிக் கணக்கில் இல்லை.