புதுச்சேரிக் கருடனுக்கு ஒரு கணக்கு

முதலியார்பேட்டையிலிருந்து தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் மீன் வாங்கப் போகிறவர்கள், வெண்மையான தலையும் செம்மண் நிறச் சிறகுமாகத் தலைக்குமேல் வட்டமிடும் கருடனை, அதாவது செம்பருந்தைக் கண்டவுடன் "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது நெடுநாளைய வழக்கம். கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே அது வந்து சுற்றாவிட்டால் ஊராருக்குத் திருப்தி உண்டாவதில்லை. இவ்வளவு பக்தி செலுத்துகிற நம்மில், விஞ்ஞான உலகுக்கு இப்பறவை அறிமுகமானதே நம் ஊரின் பெயரால்தான் என்பதை அறிந்தவர் வெகு சிலரே. 1760-இல் பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் தமது பறவை நூலில் இதைப் 'பாண்டிச்சேரிக் கழுகு' என்று வருணித்துப் படமும் சேர்த்தார். அவரையும் பின்னர் எழுதிய பூஃபோனையும் ஆதாரமாகக் கொண்டு, 1783-இல் போடார்ட் என்ற டச்சு வைத்தியர் லத்தீன் பெயர் சூட்டினார்.

பெயர் சூட்டிய பிறகு நாம் செய்தது என்ன என்பதே என் கேள்வி. 2013-இல் நாகாலாந்தில் அமூர் வல்லூறுகளின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி, அவை அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவின் தென்கோடிவரை பறந்து மீள்வதைச் செயற்கைக்கோள் மூலம் தொடர்ந்தபோது பத்திரிகைகள் ஆரவாரித்தன, அது நியாயமே. ஆனால் அன்றாடம் கண்ணில் படும் பறவையை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று எண்ணுகிற வேலைக்கு ஆரவாரமும் இல்லை, எளிதில் பணமும் கிடைப்பதில்லை.

அந்த வேலையின் அருமையைப் பாறுகளிடம் கற்றிருக்க வேண்டும். மாட்டுப் பிணம் கிடந்த இடமெல்லாம் கூட்டமாக இறங்கிய அப்பறவைகள் அருகிவருவதைப் பலர் உணர்ந்திருந்தாலும், ராஜஸ்தானின் பரத்பூரில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் 1980-களின் நடுவில் எடுத்து வைத்திருந்த கணக்கு இருந்ததனால்தான், 1990-களின் இறுதியில் மறுபடி எண்ணியபோது அங்கே வெண்முதுகுப் பாறுகள் 95 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்திருப்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. மாடுகளுக்கு வலி தீர ஊசியாகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தே, அவற்றின் பிணத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பது 2004-இல் நிரூபணமாயிற்று. 2006-இல் கால்நடைக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. திருக்கழுக்குன்றத்தில் தலைமுறை தலைமுறையாக உச்சிவேளையில் வந்து பிரசாதம் உண்ட, கழுகுகள் என்று நாம் அழைத்த பாறுகளும் 1990-களின் இறுதியோடு வருவதை நிறுத்திவிட்டன.

செம்பருந்துக்கு அத்தகைய ஆபத்து வந்துவிட்டது என்று நான் பீதியூட்டவில்லை. ஆனால் நீர்ப்பரப்பிலிருந்து காலால் மீனைக் கவ்விப் பறந்தபடியே கொத்தித் தின்னும் இப்பறவை, நம் கழிமுகத்து மீனில் கலந்த நஞ்சையும் சேர்த்தே தின்கிறது. தென்னிந்தியப் பறவைகளின் உடலில் டிடிடி முதலிய பூச்சிக்கொல்லிகளின் எச்சம் தங்கியிருப்பதை, பக்கத்திலுள்ள பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் அறிஞர்கள் ஜப்பானியரோடு சேர்ந்து 1990-களிலேயே அளந்து காட்டினார்கள். நஞ்சு ஏறுகிறதா என்பதற்கும் எண்ணிக்கை இறங்குகிறதா என்பதற்கும் சம்பந்தம் காண, இரண்டையும் நெடுங்காலம் அளந்தாக வேண்டும்.

தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் ஆர்வலர்கள் பறவைகளை எண்ணி வருகிறார்கள். ஓய்வுநேரத்தில் செய்யும் அந்த நற்பணியை மட்டும் நம்பியிருப்பது அரசுக்கு அழகல்ல. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறை இருக்கிறது. 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. தேங்காய்த்திட்டிலும் அரியாங்குப்பம் ஆற்று முகத்திலும் ஊசுட்டேரியிலும், ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே முறையில் இரைகொல்லிப் பறவைகளை எண்ணி வெளியிடும் பொறுப்பை வனத்துறை இவ்விரு நிறுவனங்களிடமும் ஒப்படைத்து, அதற்கான சொற்பத் தொகையை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே ஒதுக்க வேண்டும்.