இடுப்பில் கைத்துப்பாக்கி, இருளில் சிவப்புப் புள்ளி: அமெரிக்காவில் விற்பனையாகும் பாதுகாப்பு உணர்வு

ஐக்கிய அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 29 இல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ள ஒருவர் எந்த அனுமதிப்பத்திரமும் பெறாமல் கைத்துப்பாக்கி ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீதியில் நடமாடலாம். ரெக்சாஸ் 2021 இலும் புளோரிடா 2023 இலும் லூசியானா 2024 இலும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஏனைய மாநிலங்களிலும் நிலைமை முன்னரைப் போல இல்லை. வீட்டுக்கு வெளியே துப்பாக்கியை எடுத்துச்செல்ல விசேட காரணம் காட்ட வேண்டும் என்று நூறாண்டுக்கும் மேலாக நடைமுறையிலிருந்த நியூயோர்க் சட்டத்தை, 2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 6 இற்கு 3 என்ற பெரும்பான்மையில் செல்லுபடியற்றதாக்கியது. ஆயுதத்துடன் வெளியே செல்வது அரசியலமைப்பு தந்த உரிமை என்பதே தீர்ப்பின் சாரம்.

சட்டைக்குள் மறைத்த பிஸ்ரல் என்றால் எங்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும். மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் இருந்து இறங்குபவர், வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல், மறுநாள் பத்திரிகையில் 'இனந்தெரியாத நபர்கள்' என்ற இரண்டு சொற்கள். அமெரிக்காவில் அதே பொருள் குடும்பத் தலைவரின், தனியே வேலைக்குப் போகும் பெண்ணின், ஓய்வுபெற்ற முதியவரின் பாதுகாப்புச் சாதனமாக விளம்பரம் செய்யப்படுகிறது. அந்த விளம்பரங்களில் பல ஆண்டுகளாகத் தவறாமல் வந்த ஒரு துணைப்பொருள்தான் லேசர் குறிசாதனம். துப்பாக்கியிலிருந்து பாய்ந்து எதிரே நிற்பவரின் மார்பில் விழும் அந்தச் சிவப்புப் புள்ளி.

அது எதற்காக வந்தது என்று புரிந்துகொள்ள முதலில் துப்பாக்கியின் அளவைப் பார்க்க வேண்டும். 2008 இல் ரூகர் நிறுவனம் வெளியிட்ட எல்.சி.பி. என்ற கைத்துப்பாக்கியின் நீளம் சுமார் 13 சென்ரிமீற்றர், எடை ஏறத்தாழ 270 கிராம். காற்சட்டைப் பையில் பணப்பை போல அடங்கிவிடும். பத்து ஆண்டுகள் கழித்து, 2018 இல் வந்த சிக் சவர் பி365, கிட்டத்தட்ட அதேயளவு சிறிய உடலுக்குள் பத்து 9 மில்லிமீற்றர் ரவைகளை அடக்கியது. மறைத்து வைப்பதற்கு இவை வசதியானவை. சுடுவதற்கு அப்படியல்ல.

பழைய முறையில் குறி பார்ப்பவர், துப்பாக்கியின் பின்முனையிலுள்ள பள்ளத்தையும் முன்முனையிலுள்ள முளையையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து சுடுவார். இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் குறையக் குறையப் பிழை பெருகும். கணக்கு எளிது. இடைத்தூரம் 10 சென்ரிமீற்றராக இருக்கும் துப்பாக்கியில் முளை ஒரு மில்லிமீற்றர் விலகினால், ஏழு மீற்றர் தொலைவில் ரவை 7 சென்ரிமீற்றர் விலகி விழும். இடைத்தூரம் 17 சென்ரிமீற்றரான பெரிய துப்பாக்கியில் அதே பிழை 4 சென்ரிமீற்றரளவில் நின்றுவிடும். அதற்கு மேல், உடையில் சிக்காதபடி இந்தச் சிறிய துப்பாக்கிகளின் முளையும் பள்ளமும் மிகச் சிறியனவாகச் செதுக்கப்பட்டிருக்கும். எடை குறைவு என்பதால் பின்னுதைப்பு அதிகம். பிடிப்பதற்கு இரண்டு விரல்களுக்குத்தான் இடம். ஆக, பழக்கம் குறைந்தவர்களிடம் அதிகமாக விற்கப்படும் துப்பாக்கியே பழகுவதற்கு மிகக் கடினமான துப்பாக்கியாகவும் இருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் லேசர்.

இந்தக் காட்சியை உலகத்துக்குப் பழக்கியது ஒரு திரைப்படம். 1984 இல் வெளிவந்த 'தி ரேர்மினேற்றர்' படத்தில் ஆர்னல்ட் சுவார்ஸ்னேகரின் கையிலிருந்த நீண்ட பிஸ்ரலின் மேல் ஒரு பருமனான லேசர் பொருத்தப்பட்டிருந்தது. அது ஹீலியம்–நியோன் வாயு லேசர். அதை இயக்கும் மின்கலம் நடிகரின் ஜக்கெற்றுக்குள் மறைக்கப்பட்டு வயரால் இணைக்கப்பட்டிருந்தது. பின்னர் அரைக்கடத்தி டயோட்டு மலிவானதும் முழுச் சாதனமும் பொத்தான் அளவு பற்றரியோடு துப்பாக்கிப் பிடிக்குள்ளேயே அடங்கியது. ஒரேகன் மாநிலத்தைச் சேர்ந்த கிறிம்சன் ட்ரேஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில், பிடியை இறுகப் பற்றும்போது நடுவிரலின் கீழ் ஒரு பொத்தான் அழுந்தி லேசர் தானாக எரியும். 2010 இல் ஸ்மித் அன்ட் வெசன் தனது 'பொடிகார்ட் 380' பிஸ்ரலை லேசருடனேயே தொழிற்சாலையிலிருந்து வெளியிட்டது. 2016 இல் கிறிம்சன் ட்ரேஸ் நிறுவனத்தையே சுமார் 95 மில்லியன் டொலருக்கு வாங்கியது. துணைப்பொருள் ஒன்றுக்கு அந்தளவு விலை கொடுக்கும் சந்தை அங்கே இருந்தது.

இந்தச் சாதனம் வெறும் ஏமாற்று என்று சொல்வது நியாயமாகாது. குறிமுளையில் கண்ணைக் குவிக்க முடியாத, வெள்ளெழுத்து வந்த முதியவருக்கு இது உண்மையில் உதவும். விழுந்து கிடந்தபடியோ ஒரு கையாலோ சுட நேர்ந்தால், துப்பாக்கியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தாமலே அது எங்கே நோக்குகிறது என்று தெரியும். பயிற்சியில், ரவை இல்லாத துப்பாக்கியின் விசையை அழுத்தும்போது சுவரில் புள்ளி எப்படித் துள்ளுகிறது என்று பார்த்தால் கையின் பிழை அப்படியே தெரிந்துவிடும். பல பயிற்சியாளர்கள் லேசரை இந்த ஒன்றுக்காக மட்டுமே விரும்புகிறார்கள்.

ஆனால் அந்தத் துள்ளல்தான் சிக்கலும். எந்த மனிதக் கையும் அசையாமல் நிற்பதில்லை. சாதாரண குறிமுளையில் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம், லேசரில் எதிரே பெரிதாக ஆடும். புதிதாகப் பழகுபவர் புள்ளி சரியான இடத்துக்கு வரும்வரை காத்திருந்து, வந்த கணத்தில் விசையை வெடுக்கென இழுப்பார். இழுத்த வேகத்திலேயே குழாய் விலகிவிடும். நல்ல வெயிலில் சிவப்புப் புள்ளி சில மீற்றருக்கு அப்பால் தெரியாது. மனிதக் கண் பச்சை ஒளியைக் கூடுதலாக உணரும் என்பதால் பின்னர் பச்சை லேசர் வந்தது. அதற்குப் பற்றரிச் செலவு அதிகம். லேசர் குழாயின் கீழே அல்லது பக்கத்தில் இருப்பதால், புள்ளியும் ரவையும் சரியாகச் சந்திப்பது முன்கூட்டியே சரிசெய்த ஒரு தூரத்தில்தான். புகையிலும் மூடுபனியிலும் ஒளிக்கோடு முழுவதுமே தெரியும். சுடுபவர் எங்கே நிற்கிறார் என்பதையும் அது காட்டிக்கொடுக்கும். இருட்டில் ஒளி எவ்வளவு ஆபத்தானது என்பதைக் குப்பி விளக்கைக்கூட அணைத்துவிட்டுப் படுத்த எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

விளம்பரங்கள் இன்னுமொன்று சொல்லும்: மார்பில் சிவப்புப் புள்ளியைக் கண்டதும் தாக்க வருபவன் ஓடிவிடுவான், சுடவே தேவைப்படாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆத்திரத்திலோ போதையிலோ பாய்ந்து வருபவன் குனிந்து தன் மார்பைப் பார்ப்பானா? 1983 இல் சோல்ற் லேக் சிற்றி பொலிஸ் பயிற்சியாளர் டெனிஸ் ரூலர் ஒரு கணக்கை வெளியிட்டார். கத்தியுடன் நிற்பவர் 21 அடி, அதாவது சுமார் 6.4 மீற்றர் தூரத்தை ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடப் பயிற்சி பெற்ற பொலிஸாருக்கும் அதேயளவு நேரம் தேவை. அந்த ஒன்றரை வினாடிக்குள் சட்டையை விலக்கி, துப்பாக்கியை உருவி, புள்ளியைத் தேடிப் பிடிக்க வேண்டும். மறுபுறம், காரணமின்றி ஒருவர் மீது துப்பாக்கியை நீட்டுவதே அமெரிக்க மாநிலங்களில் குற்றமாகும். 'பயமுறுத்தத்தான் காட்டினேன்' என்பது நீதிமன்றத்தில் காப்பாற்றாது.

பயிற்சி பெற்றவர்களின் நிலையையும் பார்ப்போம். ரான்ட் ஆய்வு நிறுவனம் 1998 முதல் 2006 வரையான நியூயோர்க் நகரப் பொலிஸாரின் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்தது. எதிர்த்தரப்பும் சுட்ட மோதல்களில் பொலிஸாரின் குறி தப்பாமல் பட்ட வீதம் சராசரியாக 18. எதிரி திருப்பிச் சுடாதபோதும் 30 வீதத்தைத் தாண்டவில்லை. 2012 ஓகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தின் முன்னால், ஒருவரைக் கொன்றுவிட்டுச் சென்ற ஆயுததாரியை நோக்கி இரண்டு பொலிஸார் 16 தடவைகள் சுட்டனர். வழியில் நின்ற ஒன்பது பேர் காயமடைந்தனர். ஒன்பது பேரும் பொலிஸாரின் ரவைகளாலோ அவை பட்டுத் தெறித்த துண்டுகளாலோ காயப்பட்டவர்கள். சம்பளத்துக்குப் பயிற்சி பெற்றவர்களின் கதையே இது என்றால், வாரவிடுமுறையில் கடையில் லேசர் வாங்கிப் பொருத்திக்கொண்டவரின் கதை எப்படி இருக்கும்?

அதைவிடப் பெரிய கேள்வி, குறி தப்பாமல் பட்டால் என்ன நடக்கிறது என்பதுதான். 2023 ஏப்ரல் 13 அன்று மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிற்றியில் 16 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் தன் இரட்டைத் தம்பிமாரை அழைத்துவரப் போனான். தெருப்பெயரில் ஒரு சொல் மாறிவிட்டது. வேறு வீட்டின் அழைப்புமணியை அழுத்தினான். உள்ளிருந்த 84 வயது முதியவர் கண்ணாடிக் கதவினூடாகச் சுட்டார். ரவை தலையில் பட்டது. சிறுவன் உயிர் தப்பினான். இரண்டு நாட்களின் பின் நியூயோர்க் மாநிலத்தின் ஹெப்ரன் என்ற ஊரில், தவறான வீட்டு வளவுக்குள் வாகனத்தைத் திருப்பிய நண்பர்களில் 20 வயதுப் பெண் ஒருவர் வீட்டுக்காரரின் சூட்டில் இறந்தார். இவற்றில் சுட்டவருக்குக் குறி ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. வந்தது யார், ஏன் வந்தார் என்பதை அறியவே அவர்கள் காத்திருக்கவில்லை. வாசலில் நிற்பவர் வழி தவறிய பிள்ளையா திருடனா என்பதை எந்தச் சிவப்புப் புள்ளியும் சொல்லாது.

தொகை மொத்தமாகவும் அதையே காட்டுகிறது. 2023 இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் சுமார் 27,300 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், தம்மைத் தாமே சுட்டு இறந்தவர்கள். தற்காப்புக்கென வாங்கப்பட்டு மேசை லாச்சியில் இருந்த துப்பாக்கி, வீட்டிலுள்ள ஒருவரின் கெட்ட இரவில் கைக்கெட்டிவிடுகிறது. போருக்குப் பின் மனம் உடைந்தவர்கள் எத்தனை பேர் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால், இங்கே லாச்சிகளில் துப்பாக்கி இல்லாதிருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பது புரியும்.

பயம் பெருகியதா என்றால், பெருகியிருக்கிறது. 1999 இல் ஒரு கருத்துக்கணிப்பில் கேட்டபோது துப்பாக்கி வைத்திருப்போரில் 49 வீதமானோர் வேட்டையைக் காரணமாகச் சொன்னார்கள். பாதுகாப்பு என்று சொன்னவர்கள் 26 வீதம். 2023 இல் பியூ ஆய்வு மையம் கேள்வியைச் சற்று வேறு விதமாகக் கேட்டபோதும், பாதுகாப்பே பெரிய காரணம் என்றவர்கள் 72 வீதம். இதற்கிடையில் எஃப்.பி.ஐ. பதிவுகளின்படி வன்முறைக் குற்றங்களின் வீதம் 1993 இற்கும் 2022 இற்கும் இடையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆபத்து குறையும்போது பயம் கூடுவது அங்கே மட்டும் நடப்பதல்ல. ஆனால் அந்தப் பயத்தை இத்தனை நேர்த்தியாகப் பொதி செய்து விலை ஒட்டி விற்கும் தொழில் வேறு நாடுகளில் அரிது. அதன் அடுத்த பொருளும் வந்துவிட்டது. துப்பாக்கியின் மேல் சிறு கண்ணாடியில் சுடுபவருக்கு மட்டும் புள்ளி தெரியும் ஒளிக்குறிகள் லேசரின் இடத்தைப் பிடித்துவருகின்றன.

எங்கள் உறவுகள் வாழும் நாடுகள் வேறு வழியில் போயிருக்கின்றன. ஜேர்மனியில் துப்பாக்கியில் பொருத்தி இலக்கை லேசரால் குறிக்கும் சாதனம் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் இருக்கிறது. கனடா 2022 ஒக்ரோபர் 21 முதல் கைத்துப்பாக்கிகளின் விற்பனையையும் கைமாற்றத்தையும் முடக்கியது. ஆனாலும் ஸ்காபரோவில் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு இது முழு ஆறுதலல்ல. ரொறன்ரோவில் குற்றங்களுடன் கைப்பற்றப்படும் கைத்துப்பாக்கிகளில், எங்கிருந்து வந்தன என்று கண்டறியப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தப்பட்டவை என்று அந்நகரப் பொலிஸார் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள்.

கன்சாஸ் சிற்றி முதியவர் 2025 பெப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கதவுக்கு வெளியே நின்றவனைக் கண்டு மிகவும் பயந்துவிட்டதாக அவர் முன்னரே பொலிஸாரிடம் கூறியிருந்தார். தண்டனை அறிவிக்கப்படுவதற்கு முன்னரே அவர் இறந்துபோனார்.