மாரிக்கு முன் குளத்தடிக்கு வாருங்கள்

வழுக்கையாற்றுக் கரையோர ஊரவர்களே, வெளிநாட்டில் வாழும் எங்கள் உறவுகளே,

யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையைத்தான் வருடம் முழுக்கக் குடிக்கிறோம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கிறோம். அந்த மழை சுண்ணக்கல் வெடிப்புகளால் இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய நன்னீராகத் தங்குகிறது. நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர். ஆழம் போகப் போக உப்பு. எங்கள் வளவுக் கிணறுகளுக்குக் கீழேயும் இதே கதைதான். துலாவில் இறைத்த காலத்தில் கிணறு ஊற நேரம் இருந்தது. இப்போது ஆளியைத் தட்டிவிட்டு மறந்துபோகிறோம்.

அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று வந்து அராலியில் கடலேரியோடு சேரும் வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுவது. அந்த வெள்ளம் குளங்களில் சில கிழமைகள் தங்கினால்தான் சுற்றுக் கிணறுகளுக்கு ஊற்று. தங்குவதற்கு முதலில் அது குளத்துக்கு வந்து சேர வேண்டும். வெள்ளவாய்க்கால் ஒன்றின் மதகைக் குனிந்து பார்த்தோம். பொலித்தீன் பைகள், இளநீர்க் கோம்பைகள், மதில் கட்டி மிஞ்சிய கற்கள், ஒரு பழைய மெத்தை. மெத்தையை எந்தத் திணைக்களமும் கொண்டுவந்து போடவில்லை.

குளம் வெட்ட ஒப்பந்தக்காரர் வருவார், இயந்திரம் வரும், பெயர்ப்பலகையும் வரும். வாய்க்கால் அடைபட்டுக் கிடந்தால் வெட்டிய குளம் வெறுங் குழிதான். மதகைத் துப்புரவாக்குவதும், ஒழுங்கைப் பக்கம் தள்ளிக் கட்டிய மதிலைப் பற்றி அயலவரோடு பேசுவதும் ஊர் செய்ய வேண்டிய வேலை. வெளியாள் ஒருவரால் முடியாது. 1930களில் மூளாய் மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரு வைத்தியசாலையையே எழுப்பினார்கள். எங்களுக்கு ஒரு வாய்க்கால் பெரிய காரியமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்தில் அள்ளிப் போடும் யூரியாவும், கிணற்றுக்கு அருகே வெட்டிய மலசலகூடக் குழிகளும் காரணம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்கள் கிணற்று நீரைப் பரிசோதித்தே ஆகவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

புரட்டாதி முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் விடிய ஆறு மணிக்குச் சிரமதானம். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடோ கடகத்தோடோ வாருங்கள். தேநீரும் வடையும் மாதர் சங்கத்தார் தருவார்கள்; அவர்களைச் சமையலோடு நிறுத்திவிடாமல், எந்த வாய்க்கால் முதலில் என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்கும் அழையுங்கள். தண்ணீருக்கு அலைபவர்கள் அவர்கள்தான். கமநல சேவை நிலையத்தினதும் பிரதேச சபையினதும் அனுமதி இல்லாமல் குளத்தில் கை வைக்கமாட்டோம். எடுக்கும் மண் அணைக்கட்டுக்கே போகும். ஒரு லோட்டும் விலைக்குப் போகாது.

வெளிநாட்டு உறவுகளே, வரவேற்பு வளைவுக்கும் பெயர்க் கல்லுக்கும் காசு அனுப்ப வேண்டாம். மதகுத் திருத்தத்துக்கான மதிப்பீட்டைச் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டுவோம். செலவுக் கணக்கும் மாதாமாதம் அதே பலகையில் வரும். பார்த்துவிட்டு அனுப்புங்கள். விடுமுறைக்கு வருகிறவர்கள் ஒரு ஞாயிறு காலையை எங்களுக்குத் தாருங்கள். மண்வெட்டி நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
சனசமூக நிலையங்கள், கமக்காரர் அமைப்புகள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள்