மண் செம்பாகுமா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஒரகடத்தில் எங்கள் மாடியில் ஆலைத் தொழிலாளர்கள் குடியிருக்கின்றனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் மின்சாரம் நின்றபோது அப்பா ஜெனரேட்டர் கொண்டுவந்தார். உள்ளே ஒயர் உரசியிருந்தது. இரும்புக் கூட்டைத் தொட்ட தொழிலாளர் ஒருவர் மயிரிழையில் பிழைத்தார்.

நியூட்ரலுக்கு ஒரு குழி, கூட்டுக்கு ஒரு குழி. இரண்டையும் இணைக்கும் கம்பி இல்லை. "மண்ணுக்குள் சேர்ந்துவிடும்" என்றார் ஒயர்மேன். மண் செம்பாகுமா? இடையில் மின்தடை 20 ஓம் என்றால், 230 வோல்ட்டில் ஓடுவது 11.5 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் பிரேக்கர் விழாது. செம்புக் கம்பியால் இணைத்தால் உடனே விழும்.

நண்பர்களே! ஓம் விதி தேர்வுத் தாளுக்கு மட்டும்தானா? வாடகை வாங்கும் நாம், குடியிருப்போர் உயிரையும் காக்க வேண்டாமா?