வீட்டுக்குள் ஒரு ஆர்கேட்: ஸ்பீக்கரும் பவர் சப்ளையும்

1980-ல் வந்த பேக்-மேனை 2020-களின் பிள்ளைகளும் விடாமல் ஆடுகிறார்கள். அதற்காகவே பிளைவுட் பெட்டி, பழைய மானிட்டர், ஜாய்ஸ்டிக், ஒரு ராஸ்பெரி பை என்று வீட்டிலேயே ஆர்கேட் மெஷின் செய்கிறவர்கள் உண்டு. பெட்டிக்கும் பெயின்ட்டுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழித்துவிட்டு, ஸ்பீக்கரிலும் பவர் சப்ளையிலும் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

ஸ்பீக்கர்

அட்டையில் '200 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். 'ஆர்.எம்.எஸ்.' வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். ஆடுகிறவர் ஓரிரு அடி தூரத்தில்தான் நிற்கப்போகிறார். 4 இன்ச் கார் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும், பக்கத்துக்கு 15 வாட்ஸ் தரும் சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டும் தாராளம். கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். ஆம்ப்ளிஃபையர் 4 ஓமைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் சூடாகிக் கருகிவிடலாம். இன்னொன்று: ராஸ்பெரி பை 5-ல் ஹெட்போன் ஜாக் கிடையாது. மானிட்டரின் ஆடியோ அவுட் அல்லது யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு தேவைப்படும்.

பவர் சப்ளை

பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர். பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர். வீட்டில் கிடக்கும் போன் சார்ஜரை மாட்டினால், வோல்டேஜ் இறங்கி திரையில் மின்னல் குறி தெரியும். ஆட்டம் பாதியில் நிற்கும்.

ஆம்ப்ளிஃபையருக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் தனி 12 வோல்ட் சப்ளை வையுங்கள். ஆம்ப்ளிஃபையர் 30 வாட்ஸ், விளக்கு 10 வாட்ஸ் என்றால் மொத்தம் 40. கொஞ்சம் கூடுதலாக, 60 வாட்ஸ் தரும் 5 ஆம்பியர் சப்ளை வாங்கினால் அது திணறாது. இரண்டுக்கும் ஒரே சப்ளை என்றால் ஸ்பீக்கரில் 'ங்ங்...' என்று இரைச்சல் வர வாய்ப்பு அதிகம். பிரித்த பிறகும் இரைந்தால், ஆடியோ ஒயரில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் மாட்டுங்கள்.

உயிர் விஷயம்

இரும்புப் பெட்டி எஸ்.எம்.பி.எஸ். வாங்கினால், அதன் திருகு முனைகளில் நேரடியாக 230 வோல்ட் இருக்கும். மூடி போடுங்கள். மூன்று பின் பிளக், எர்த் ஒயர், ஃபியூஸ் மூன்றும் கட்டாயம். பக்கவாட்டில் 115/230 சுவிட்ச் இருந்தால், பிளக்கைச் சொருகும் முன்பே 230-ல் வையுங்கள். பின் கதவுக்கு ஒரு பூட்டு, சூடு வெளியேற மேலும் கீழும் துளைகள். ஒயரிங் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அல்லது மூடிய அடாப்டர்களை மட்டும் வைத்தே முடித்துவிடுங்கள்.

கீழே விழுந்த காசை எடுக்கப் பெட்டிக்குள் கைவிடுகிற வயதுப் பிள்ளைகள்தான் அதன் முன்னால் நிற்கப்போகிறார்கள். பட்டன் என்ன கலர் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். எர்த் ஒயரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.